கண்ணெடுக்கக் கூடாது

இன்னும் வரவில்லை என்கிறான். கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, பனியனை மார்புக்கு மேலே சுருட்டிப் பல்லால் கவ்விக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் குவளையோடு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறான் துரைசிங்கம். கபடி லீக்கில் எல்லோரையும்விட அதிக விலைக்குப் போகிறவன், ஒரே மூச்சில் பாடிப்போய் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவன், பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டில்கூடச் சிரிக்கிறவன், அவனுக்கு ஒண்ணுக்கு வரவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊக்கமருந்துச் சோதனைக்கு வீரனோடு கூட இருக்கும் ஆள் நான். ஆட்டம் முடிந்த நொடியிலிருந்து அவன் என் பார்வையை விட்டு அகலக் கூடாது, குளிக்கப் போனாலும் கூடப் போக வேண்டும், சிறுநீர் அவன் உடம்பிலிருந்து கிளம்பிக் குவளையில் விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணெடுக்கக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாரநாளில் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர், போட்டி நாளில் இது. என் மனைவி பாக்கியம் எனக்கு மூத்திர வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவள் தங்கை கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எதிர் வரிசையில் ஒருவர், நீங்கதானே அது என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்ற வேண்டாம் என்று கையைக் காட்டினார். எனக்கு அதில் வெட்கம் கிடையாது. பினாயில் வாடை அடிக்கிற இந்தக் கக்கூஸ்தான் இந்த ஸ்டேடியத்திலேயே எல்லோரும் சமமாக நிற்கிற இடம் என்று நம்பித்தான் வந்தேன். பெரிய ஆளும் சின்ன ஆளும் இங்கே ஒரே மாதிரிதான் கால்சட்டையை இறக்க வேண்டும். நம்பினேன் என்று இறந்த காலத்தில் வருகிறது பார், நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

போட்டுக்கோங்க, தண்ணி குடிங்க, அப்புறம் பார்க்கலாம் என்றேன். பனியனை இறக்கிவிட்டு வெளி அறையில் சோபாவில் சாய்ந்துகொண்டான். வடக்கேயிருந்து வந்திருக்கிற டாக்டர் மேஜைக்குப் பின்னால் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தமிழ் தெரியாது, நாங்கள் பேசுவது அவருக்கு மின்விசிறிச் சத்தம். துரைசிங்கம் சீல் வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து மூடி வைக்கிறான். மறுபடி ஒரு வாய். கோழி தண்ணீர் குடிப்பதுபோல. ஆடி முடித்து வேர்த்து வந்தவன் இப்படியா குடிப்பான். வேண்டுமென்றே இழுக்கிறான் என்று தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய, குடி என்று வாயில் ஊற்றவா முடியும். இதே சோபாவில்தான் மூக்கையா உட்கார்ந்திருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள், ஒரே அணி, ஒருவன் பாடுகிறவன், ஒருவன் பிடிக்கிறவன். மூக்கையா என் கல்லூரி மாணவன், விளாத்திகுளம் பக்கம், கால் பிடியில் உடும்புதான். அன்றைக்கு அவனுக்கு இந்தத் தந்திரமெல்லாம் தெரியாது. தண்ணி குடி என்றால் கடகடவென்று குடித்தான். முதல் தடவை அளவு பத்தவில்லை, இன்னும் வேண்டும் என்றதும் மறுபடி குடித்துவிட்டுப் போனான். நடுவில் கை தவறித் தரையில் கொஞ்சம் சிந்திவிட்டது. சாரி சார், துடைச்சிடுதேன் என்று தன் கைக்குட்டையை எடுத்து, முட்டி போட்டு, கக்கூஸ் தரையைத் துடைத்தான். வேண்டாம்டா என்று நான் சொல்லச் சொல்லத் துடைத்தான். அந்தக் குவளையில் இருந்தது அவன் நாலு வருஷம். அவனே நிரப்பிக் கொடுத்தான், சிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு.

ஒரே டப்பா. அதுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே டப்பாவிலிருந்து ஒரே மாவைக் கலக்கிக் குடித்தவர்கள், வாங்கி வந்தவன் துரைசிங்கம். சோதனையில் இருவருக்கும் ஒரே மருந்துதான் வந்தது. துரைசிங்கத்துக்கு அணி முதலாளி டெல்லியிலிருந்து வக்கீலைக் கூட்டி வந்தார். அம்மா கிண்டிக் கொடுத்த லேகியத்தில் கலந்திருக்கலாம் என்றார்கள், அந்த அம்மாவைச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கவைத்து டிவியில் காட்டினார்கள், நாலு மாதத் தடையோடு முடிந்தது, அதிலும் மூன்று மாதம் ஆட்டமே இல்லாத காலம். மூக்கையாவுக்கு வக்கீல் இல்லை. ஆமா சார், குடிச்சேன், என்னன்னு தெரியாது என்று உண்மையைச் சொன்னான். நாலு வருஷம். தெரியாது என்று இருவரும்தான் சொன்னார்கள், ஒருவன் சொன்னது அப்பாவித்தனம், மற்றவன் சொன்னது ஒப்புதல் வாக்குமூலம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. அணி கோப்பை வாங்கிய படத்தைச் சங்க அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள், அதில் மூக்கையா முகம் இருந்த இடத்தில் சிமெண்டு கம்பெனி முத்திரையை ஒட்டிவைத்திருக்கிறார்கள். பதினோரு பேரும் ஒரு சிமெண்டு மூட்டையும். தப்புச் செய்தவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூக்கையா குடித்தான், தண்டனை சரி. ஆனால் அதே தண்டனையைப் பக்கத்தில் இருக்கிறவனுக்கும் கொடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் நேர்மையைப் பற்றிப் பேசு. இன்று சாயங்காலம் இந்த ஸ்டேடியத்தின் கிழக்கு கேலரிக்குத் துரைசிங்கம் பெயர் வைக்கிறார்கள். மேடை போட்டாகிவிட்டது. இங்கே கேட்கிறது, மைக்கில் ஒருவன், ஒழுக்கத்தின் சிகரமே என்கிறான். துரைசிங்கம் அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு வாய் குடிக்கிறான்.

சங்கச் செயலாளர் வைத்திலிங்கம் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, ஜவ்வாது வாடை, எல்லோருக்கும் அண்ணாச்சி. மந்திரி வந்தாச்சு சார், ஒரு எட்டு அனுப்பி வைங்க, சால்வை போட்ட உடனே திருப்பிக் கொண்டாந்து விட்டுடுதேன் என்கிறார், ஏதோ இரவல் வாங்கிய ஏணிபோல. டாக்டரிடம் இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தார், டாக்டரும் தலையாட்டினார். விதிப்படி போகலாம், பரிசளிப்புக்குப் போக இடமுண்டு, ஆனால் நான் கூடவே போக வேண்டும். அதைச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கி அப்புறம் விரிந்தது. வாங்க சார், நீங்களும் மேடைக்கு வாங்க, உங்களுக்கும் ஒரு மரியாதை செஞ்சிருவோம் என்றார். துரைசிங்கத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது, சின்னப் பிள்ளைகள் அவன் கையைத் தொட்டுவிட்டுத் தங்கள் கையை முத்தமிட்டுக்கொள்கிறார்கள், அந்தக் கை இன்னும் கழுவாத கை என்று எனக்கு மட்டும் தெரியும்.

மேடையில் ஏறியதும்தான் பார்த்தேன். துரைசிங்கத்துக்குப் பின்னால் ஜவுளிக்கடைப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் மூக்கையா. பொன்னாடைகளை வாங்கி மடிக்கிற ஆள். இந்தப் பக்கத்து விழாக்களில் இதற்கென்று ஓர் ஆள் உண்டு, ஒருவர் போர்த்திப் படத்துக்குச் சிரித்து முடித்ததும் அந்த ஆள் பின்னாலிருந்து கையைவிட்டு உருவி, மடித்து, பையில் போட வேண்டும், அடுத்தவர் அதற்குள் போர்த்திவிடுவார். மூக்கையாவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, ஆனால் உடம்பு முறுக்காகத்தான் இருக்கிறது, தினமும் ஓடுகிற உடம்பு அது, பார்த்தாலே தெரியும். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நல்லாருக்கீங்களா சார் என்று வாயசைத்தது தெரிந்தது. துரையண்ணனுக்கு வண்டி ஓட்டுதேன் சார், அடுத்த மாசத்தோட தடை முடியுது, அண்ணன் அவங்க டீம்லயே எடுக்கச் சொல்லியிருக்காங்க என்று பையைக் கை மாற்றுகிற சாக்கில் என் பக்கம் சாய்ந்து சொன்னான். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. போர்த்துகிறார்கள், உருவுகிறான், போர்த்துகிறார்கள், உருவுகிறான். அரிசி ஆலைக்காரர், கல்யாண மண்டபத்துக்காரர், இருவரும் குலுக்கியது துரைசிங்கத்தின் கையை, இடித்தது மூக்கையாவின் தோளை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், இவனுக்குக் கோயிலும் இல்லை, பொன்னாடை மூட்டைதான். மந்திரி பேசினார், தப்பான பாதையில் போகும் இளைஞர்களுக்குத் துரைசிங்கம் ஒரு பாடம் என்றார், கூட்டம் கைதட்டியது, அந்தப் பாடத்தோடு ஒரே டப்பாவில் குடித்தவன் பின்னால் சரிகையை மடித்துக்கொண்டிருந்தான். கை தட்ட வேண்டிய நேரத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு அவனும் தட்டினான். ஏன்டா தட்டுகிறாய் என்று எனக்கு அவன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் வைத்திலிங்கம் என்னைக் காட்டி, இவர் நம்ம அருளப்பன் சார், துரைசிங்கத்தைச் செதுக்கின குரு என்று மைக்கில் சொல்லிவிட்டார். மந்திரி எழுந்து வந்தார். இல்லை, நான் குரு இல்லை, நான் மூத்திரம் பார்க்க வந்தவன் என்று எந்த மேடையில் எவன் சொல்லுவான். பெரிய சால்வை, பச்சைக் கரை, தலைக்கு மேலே தூக்கிப் போட்டதில் சரிகை என் மூக்குக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு நிமிர்ந்து துரைசிங்கத்தைத் தேடினேன். அங்கேயே நின்றிருந்தான், புதிதாக ஒரு சால்வையோடு, கூட்டத்தைக் கும்பிட்டபடி. மூக்கையா மட்டும் பையைக் கட்டிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தான், இன்னும் சால்வை போட ஆட்கள் நிற்கையிலே.

திரும்பி வந்ததும் துரைசிங்கம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. சார், வருது சார் என்று தானாகவே குவளையை எடுத்துக்கொண்டான். அவ்வளவு நேரம் வராதது கைதட்டலில் வந்துவிட்டதா. என் மனசு எங்கேயோ இடறி, நின்று, மறுபடி அதே இடத்தில் இடறுகிறது. இறங்கிக்கொண்டிருந்தான். ஆட்கள் நிற்கையிலே மூக்கையா இறங்கிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன். துரைசிங்கம் சால்வையை எடுக்காமலே முதுகைக் காட்டி நின்று கால்சட்டை நாடாவை அவிழ்க்கிறான். சால்வையை எடுங்க என்றேன். குளிருது சார் என்றான். இந்த அறையில் மின்விசிறிகூட இல்லை. இவ்வளவு பெரிய ஆளிடம் போய் மந்திரி போட்ட சால்வையை எடு என்று இரண்டாம் தடவை சொல்ல எனக்கு நாக்கு ஒட்டியது, அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்று அதே நொடியில் புரிந்தது, என் கண்ணை மறைத்த பச்சைக் கரையும் தவறுதலாக வந்தது இல்லை. நானே எட்டி உருவினேன். பனியனைத் தூக்கினேன். இடுப்பில், தோலோடு ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பை, அதிலிருந்து குளூக்கோஸ் ஏற்றுகிற டியூபில் ஒரு துண்டு முன்பக்கமாக இறங்குகிறது, மேடையில் பச்சைக் கரை என் கண்ணை மறைத்த நேரத்தில் அவன் சால்வைக்குள் போனது. பிடுங்கினேன். சூடாக இருந்தது. ஒரு மனிதனின் உடம்புச் சூடு, இப்போதுதான் உடம்பை விட்டு வந்த சூடு. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் மூத்திரத்தைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் குமட்டியதில்லை, இதைக் கையில் வைத்திருக்கும்போது குமட்டியது.

துரைசிங்கம் பதறவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கால்சட்டையை மேலே ஏற்றிக்கொண்டு, கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்துகொண்டு, மெதுவாகப் பேசினான்.

“யாரோடதுன்னு கேக்க மாட்டீங்களா சார்?”

எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவன் சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

“நம்ம மூக்கையாதான். அவன்தான் இப்ப ஒரு தலைவலி மாத்திரைகூடத் தொடுறதில்ல. சுத்தமா இருக்கான்லா. நீங்க தாராளமா டாக்டர்கிட்ட சொல்லுங்க, எழுதிக்கட்டும். எனக்கு வக்கீல் வருவாரு, ஆறு மாசமோ எட்டு மாசமோ. அவனுக்கு என்ன வரும்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். தடையில் இருக்கிறவன் அடுத்தவனுக்கு உடந்தை, ஆயுளுக்கும் முடிந்தது. அடுத்த மாதம் என்பதே அவனுக்கு வராது. நியாயம் கோணலாக இருக்கிறது என்று நான் இத்தனை நேரம் புழுங்கிக்கொண்டிருந்தேனே, அந்தக் கோணலையே ஒருவன் கத்தியாகத் தீட்டி என் கழுத்தில் வைக்கிறான், நீ என்னைத் தொட்டால் அவன் சாவான் என்று. கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர். ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்து இந்தப் பையைப் பார்ப்பார், விதி என்னவோ அதைச் செய்வார். நான் விதியை மீறியதே இல்லை. மூக்கையா அன்று நீட்டிய குவளையை வாங்கி நேராக அந்த மேஜையில் கொண்டுபோய் வைத்தவன் நான், வைத்தது சரி, இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்லுவேன். அப்படியானால் இதையும் கொண்டுபோய் வை. வை அருளப்பா. கால் நகரவில்லை. மூக்கையா ஏன் சம்மதித்தான், ஆடவேண்டும் என்கிற பசி அவனை எதைக் கொடுக்க வைத்திருக்கிறது பார், தன்னை வீணாக்கியவனைத் தூக்கிவிடத் தன் நாலு வருஷத்துச் சுத்தத்தைப் பையில் கட்டிக் கொடுத்திருக்கிறான். அவனை நினைத்தாலும் அருவருப்பு, இவனைப் பார்த்தாலும் அருவருப்பு, என் தோளில் இன்னும் கிடக்கிற பச்சைக் கரைச் சால்வையை இப்போதுதான் கவனிக்கிறேன், இதை உதறாமல் இவ்வளவு நேரம் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். கழற்றிக் குழாய் மேல் போட்டேன். வெளியே பேர் வைக்கிற வேட்டுச் சத்தம் கேட்டது, சரமாக. துரைசிங்கம் நான் என்ன செய்வேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் கண்ணில் பயம் இல்லை என்று முதலில் நினைத்தேன். இருந்தது. இடது இமை துடித்துக்கொண்டிருந்தது. லேகியம் ஒரு தடவைதான் செல்லும் என்று அவனுக்கும் தெரியும்.

பையைப் பிரித்துத் தொட்டியில் கவிழ்த்தேன். இந்த ஸ்டேடியத்தில் இன்றைக்கு இருந்த ஒரே சுத்தமான மூத்திரம் அது, சாக்கடையில் போயிற்று. பையையும் டியூபையும் சுருட்டி என் பையில் திணித்துக்கொண்டேன். இப்படிச் செய்ய எனக்கு உரிமை இல்லை. இதற்குப் பெயர் மறைத்தல், என் கையேட்டிலேயே அதற்கு ஒரு பக்கம் உண்டு. தண்ணி குடிங்க, எனக்கு உங்களோடது வேணும், விடியறவரைக்கும் ஆனாலும் நான் நகர மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல்போலக் கேட்டது. அவன் பனியனைச் சுருட்டிப் பல்லில் கவ்விக்கொண்டான். குவளையைப் பிடித்தான். நின்றான். இந்தத் தடவை நடிப்பில்லை, நிஜமாகவே வரவில்லை, வயிற்றுத் தசை இழுத்துக்கொண்டு துடிப்பது தெரிகிறது, நெற்றியில் வேர்வை. நான் பார்க்கிறேன். எதைப் பார்க்கிறேன், யாருக்காகப் பார்க்கிறேன், இது மேஜைக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்குப் போகும், திரும்பி வருகையில் அதற்குள் ஒரு லேகியமோ ஒரு கஷாயமோ ஓர் அத்தையோ தயாராக இருக்கலாம், கேலரியில் எழுதிய பெயரை எவனும் அழிக்கப் போவதில்லை. ஆனாலும் இவனுடையதுதான் இவன் குவளையில் விழ வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

கக்கூஸின் பின்வாசல் கதவில் மெல்லத் தட்டுகிற சத்தம். யார் என்று கேட்க வேண்டியதில்லை.

“சார், நான்தான் சார். டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

ஆக பிடிபட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது, இவ்வளவு நேரமானதிலேயே தெரிந்திருக்கும். கெஞ்சவில்லை. மார்க் எவ்வளவு என்று கேட்கிற பையன் குரலில் கேட்டான். நான் துரைசிங்கத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றேன். பொய் இல்லை, நான் சொல்லப் போவது பொய் இல்லை, அதனால்தான் இவ்வளவு கசக்கிறது.

“இல்லடா. வீட்டுக்குப் போ.”

வெளியே மூக்கையா அழுவது கேட்டது. உள்ளே, அந்த ‘இல்லடா’வைக் கேட்ட மாத்திரத்தில், துரைசிங்கத்தின் வயிறு தளர்ந்து, அவ்வளவு நேரம் வராதது தாராளமாக வரத் தொடங்கியது.